சிஸ்டர்கள் ஏற்றிவிட்ட பையன்கள்

நியூயார்க்கில் மன்ஹாட்டன் 84ஆம் தெருவில், பார்க் அவென்யூவை ஒட்டி, பெரும் பணக்காரர்கள் வாழும் பகுதியில் ரீஜிஸ் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. இயேசு சபையார் நடத்தும் தனியார் பள்ளி. கத்தோலிக்கப் பையன்களுக்கு மட்டும்தான் இடம். நுழைவுத் தேர்வு கடுமையானது. ஆனால் 1914இல் தொடங்கியதிலிருந்து இன்றுவரை கல்விக் கட்டணம் கிடையாது. நகரத்தின் முன்னாள் மேயர் ஹியூ கிராண்ட் 1910இல் இறந்தபின், அவர் மனைவி ஜூலியா கிராண்ட் கொடுத்த செல்வத்தில் எழுந்த பள்ளி அது. தன் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று அந்த அம்மையார் சொல்லியிருந்தார். பல பத்தாண்டுகள் அப்படியே காத்தார்கள்.

ரீஜிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த அம்மையாரின் கொடையையும் இயேசு சபையாரின் கல்வியையும் புகழ்வார்கள். நானும் பாளையங்கோட்டையில் இயேசு சபையாரிடம் படித்தவன்தான். அந்தப் புகழ் அவர்களுக்குத் தகும். ஆனால் நியூயார்க்கின் குவீன்ஸில் குடியேறி, இங்குள்ள பங்கு மக்களோடு பழகிய பிறகு, அதில் பாதி வேறு சிலருக்குச் சேர வேண்டியது என்று உறுதியாக நம்புகிறேன். முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை அந்தப் பையன்களை உருவாக்கிய பங்குப் பள்ளி சிஸ்டர்களைச் சொல்கிறேன்.

அந்தப் பள்ளிகள் பிறந்ததே ஒரு தகராறில். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் பைபிளைத்தான் வாசித்தார்கள். கத்தோலிக்கர்கள் ஆட்சேபித்தார்கள், அந்தப் பகை முற்றி 1844இல் ஃபிலடெல்ஃபியாவில் கலவரமாகி, தேவாலயங்கள் எரிந்தன. 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள், ஒவ்வொரு கோவிலுக்கும் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்குள் ஒரு பள்ளி வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அரசுப் பணம் வராது. அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த கூலித் தொழிலாளிகளின் காணிக்கையும், சொற்பச் சம்பளத்துக்கு உழைத்த சிஸ்டர்களும்தான் அந்தப் பள்ளிகளைத் தாங்கினார்கள்.

ஒரு வகுப்பில் ஐம்பது, அறுபது பிள்ளைகள். ஞானோபதேசம் கேள்வியும் பதிலுமாக மனப்பாடம். அதற்கடுத்து இலக்கணம். பங்குப் பள்ளியில் படித்து ரீஜிஸுக்குப் போன என் பக்கத்து வீட்டுப் பெரியவர், அங்கே வாக்கியத்தைப் பிரித்துக் காட்டிய முறையை ஒருநாள் தாளில் போட்டுக் காட்டினார். குறுக்கே ஒரு கோடு. எழுவாயையும் பயனிலையையும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு பிரிக்கும். அடைமொழிகள் எல்லாம் கீழே சாய்கோடுகளில் தொங்கும். எவ்வளவு நீண்ட வாக்கியமானாலும் கரும்பலகையில் இப்படிப் பிரித்துப் போட்டாக வேண்டும். "ரீஜிஸில் முதல் நாள் லத்தீன் வகுப்பில் எனக்குப் பயமே இல்லை. வாக்கியத்தின் எலும்புக்கூட்டை சிஸ்டர் ஏற்கெனவே காட்டியிருந்தார்" என்றார். அவர் அப்பா பஸ் ஓட்டியவர். எட்டாம் வகுப்பில், தேர்வு எழுதக்கூடிய பையன்களை அந்த சிஸ்டரே பொறுக்கி எடுத்து, பள்ளி விட்டபின் கணக்கும் இலக்கணமும் நடத்தியிருக்கிறார். அதற்கு ஒரு காசு வாங்கவில்லை. அந்த சிஸ்டரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மருத்துவர் ஆண்டனி ஃபவுச்சி வந்த வழியும் இதுவே. புரூக்ளினில் மருந்துக்கடைக்காரரின் மகன். சைக்கிளில் வீடுவீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுத்த பையன். குவாதலூப்பே மாதா பங்குப் பள்ளியில் படித்து, ரீஜிஸுக்குத் தேர்வாகி, தினமும் சுரங்க ரயிலில் மன்ஹாட்டன் போய்வந்தார். லத்தீனும் கிரேக்கமும் படித்து, கூடைப்பந்து அணித் தலைவராகவும் இருந்து 1958இல் வெளியே வந்தார். கொரோனா தொற்றுநோய்க் காலத்தில் அவரை உலகமே பார்த்தது. அவருடைய பங்குப் பள்ளியைப் பற்றி எத்தனை பேர் விசாரித்தார்கள்?

1960களின் நடுவில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் படித்தார்கள். இன்று 20 லட்சம்கூட இல்லை. அன்று சுமார் 1,80,000 சிஸ்டர்கள் இருந்தார்கள். இன்று 40,000 பேர்கூட இல்லை. அவர்கள் இடத்தில் வந்த ஆசிரியர்களுக்குக் குடும்பம் உண்டு, முறையான சம்பளம் வேண்டும். அதனால் கட்டணம் ஏறியது. பழைய குடும்பங்கள் புறநகருக்குப் போக, ஏழைப் பகுதிகளில் இருந்த பள்ளிகள் முதலில் விழுந்தன. 2020 ஜூலையில் மட்டும் நியூயார்க் பேராயம் 20 பள்ளிகளை மூடுவதாக அறிவித்தது. ரீஜிஸின் கதவு இன்னும் இலவசமாகத் திறந்தே இருக்கிறது. ஆனால் பஸ் ஓட்டுநரின் மகனை அந்தக் கதவுவரை கைப்பிடித்துக் கூட்டிப்போக இப்போது ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பையனை ரீஜிஸ் தேர்வுக்கு அனுப்புங்கள், நல்லது. கூடவே உங்கள் பங்கில் பள்ளி இன்னும் நடக்கிறதா என்று விசாரியுங்கள். நடந்தால், உங்கள் பிள்ளை அங்கே படிக்காவிட்டாலும் அதற்கு நன்கொடை கொடுங்கள்.