தீப்பெட்டியும் கூட்டாட்சியும்



குடிமையியல் பாடத்தில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மனப்பாடம் செய்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சையோடு மறந்திருப்பீர்கள், பரவாயில்லை. இன்று நம் ஊர்த் தீப்பெட்டியை வைத்துச் சொல்கிறேன்.

தீப்பெட்டிக்கு வெள்ளைக்காரன் 1934-லேயே தனிச் சட்டம் போட்டு உற்பத்தி வரி விதித்தான். சுதந்திரத்துக்குப் பிறகும் உற்பத்தி வரி டெல்லிக்கு, விற்பனை வரி சென்னைக்கு என்று இருந்தது. விற்பனை வரியைக் குறைக்கச் சொல்ல கோட்டைக்குப் போனால் போதும்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து இரண்டையும் ஒன்றாக்கியது. எவ்வளவு வரி என்பதை ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைக்கும். அங்கே மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனை மாநிலங்களும் ஒன்று கூடினாலும் டெல்லி மறுத்தால் நடக்காது. டெல்லி மட்டும் நினைத்தாலும் நடக்காது. தமிழ்நாட்டுக்கு எவ்வளவு மதிப்போ, சிக்கிமுக்கும் அவ்வளவே.

முதலில் கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5%, மற்றதற்கு 18% என்றார்கள். பாதி வேலை கையிலும் பாதி மிஷினிலுமாக நடக்கும் தீப்பெட்டி ஆபீஸ்கள் 18-இல் மாட்டிக்கொண்டன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லாவற்றுக்கும் 12%. மிஷின்காரருக்கு மூச்சு வந்தது, கைவேலைக்காரருக்கோ வரி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 5%-க்கு இறங்க 2025 செப்டம்பர் ஆயிற்று. கரிசலில் மழை பொய்த்த வருஷங்களில் எத்தனை வீட்டு அடுப்பை இந்த வேலை எரிய வைத்தது என்பது உங்கள் அம்மாக்களுக்குத் தெரியும். கவுன்சிலில் இருக்கும் பெரும்பாலான மாநிலங்களுக்கோ தீப்பெட்டி என்பது நீண்ட பட்டியலில் ஒரு வரி. அவர்களுக்கு நம்மேல் பகை ஒன்றும் கிடையாது, நம் கஷ்டம் தெரியாது, அவ்வளவுதான். பலவகை மக்கள் வாழும் நாட்டில் கூட்டாட்சிக்குப் பெரிய சோதனை இதுதான் என்பது என் எண்ணம்.

இதற்கிடையில் மலிவான சீன லைட்டர் வந்து இறங்கியது. இறக்குமதி மத்தியப் பட்டியலில் இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகம் நம் மாவட்டத்திலேயே இருந்தாலும் அதன் வாசலில் மாநில அரசு தடை போட முடியாது! 2022 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டருக்கு 2023 ஜூன் கடைசியில்தான் தடை வந்தது. அதற்குப் பிறகும் உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே மாட்டி விற்றார்கள். அதை நிறுத்தவும் டெல்லி உத்தரவுதான் வேண்டியிருந்தது, அது 2024 அக்டோபரில் வந்தது.