பல் விழுந்த கத்தியும் ஒஸ்தாமாரின் கல்லும்



சலூனில் பிளேட்டைப் பாதியாக ஒடித்து மாட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, சவரக்கத்தியைக் கல்லில் தீட்டிய காலம் தெரியாது. அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஒஸ்தா' என்பது 'உஸ்தாத்' என்ற பாரசீகச் சொல்லின் வழி வந்தது. ஆசானுக்கும் கைதேர்ந்த தொழிலாளிக்கும் அதுவே பெயர். மத்ரஸா உஸ்தாதைக் கண்டால் எழுந்து நிற்கிறோம். அதே பெயரை முடி வழிப்பவருக்கும் வைத்துவிட்டு, கலியாணப் பேச்சில் மட்டும் அவர் வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தோம். 1969 முதல் அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, ஒஸ்தாமார் தங்களுக்குள்ளேயே மணமுடிக்கும் தாழ்நிலைக் குழுவாக இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் பிறந்த பிள்ளையின் முதல் முடியை இறக்குவதும் அவர், சுன்னத்து வைப்பதும் அவர். அந்தக் கத்தியில் பல் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கத்தி கீழே விழுந்தால் விளிம்பு சிதறும். நமது கரையில் கடற்காற்றும் ஓர் எதிரி. உப்பு ஈரம் பட்ட உருக்கில் துருப்புள்ளி விழுந்து, தீட்டும்போது அந்த இடமே உதிரும். பல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. பள்ளத்தின் அடிவரைக்கும் முழு விளிம்பையும் இறக்க வேண்டும். முதலில் சொரசொரப்பான கல். கத்தியின் தடித்த முதுகும் விளிம்பும் ஒன்றாகக் கல்லைத் தொடும்படி படுக்க வைத்தால் சாய்வு தானாக அமையும். விளிம்பு முன்னே போக ஒரு தள்ளு, முதுகின் மேல் புரட்டி மறுபக்கம் ஒரு தள்ளு. அழுத்தினால் மெல்லிய உருக்கு வளைந்து பிசிறு எழும். பல் மறைந்த பின் நுண்ணிய கல்லில் தண்ணீரோ எண்ணெயோ விட்டு, கத்தியின் பாரத்திலேயே ஓட்ட வேண்டும். கடைசியில் தோல்வார். அதில் மட்டும் முதுகுதான் முன்னே போகும், இல்லாவிட்டால் வார் வெட்டுப்படும். கல்லும் நடுவில் குழியும். குழிந்த கல்லில் விளிம்பு நேராக வராது, அதனால் கல்லையும் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

நமது நாட்டுப் பாறையில் பத்தில் ஒன்பது பங்கு கடும் வெப்பத்தில், அழுத்தத்தில் உருமாறியது, மணிகள் பெரியவை. அம்மிக்கு அது அருமை. சவரக்கத்திக்கோ மாவு போன்ற நுண்மை வேண்டும். உலகில் பேர்போன சவரக்கல், பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டும் மஞ்சள் 'கொட்டிக்கூல்'. உருக்கை அரிப்பது அதிலுள்ள கார்னெட் துகள். இரத்தினபுரிக் குழிகளில் வரும் கார்னெட்டின் இனம்தான், ஆனால் ஒரு துகள் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவே.

நமது தீவைத் தப்ரபேன் என்று எழுதிய ரோமர் மூத்த பிளினி, முதலாம் நூற்றாண்டிலேயே எண்ணெய்க்கல், தண்ணீர்க்கல் என்று பிரித்துவிட்டு, நாவிதர் கடையில் எச்சில் தொட்டுத் தீட்டும் கல்லையும் தனியாகக் குறிப்பிடுகிறார். (தரம் 9 பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது முகம் சுளித்தார்கள்!) கி.பி. 1000 அளவில் கொர்தோவாவின் அல்-ஸஹ்ராவி, தனது 'தஸ்ரீப்' நூலில் சுன்னத்து முறைகளை ஒப்பிட்டு, சவரக்கத்தியைவிடக் கத்தரிக்கோலே நல்லது என்றார். அந்தப் பெரும் வைத்தியர் நாவிதரின் கைவேலையை ஆராயத் தகாததாக நினைக்கவில்லை.

1904இல் ஜில்லெட்டுக்குக் காப்புரிமை கிடைத்தபின், தீட்டத் தேவையில்லாத பிளேட் உலகமெங்கும் பரவியது. 1987இல் நமது நாட்டிலும் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. கல் கூராக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. ஆளுக்கொரு பிளேட் மாற்றுவதும், சுன்னத்து டொக்டர்களிடம் போனதும் சரியான மாற்றம்தான். பழைய முறை திரும்ப வேண்டும் என்று நான் எழுதவில்லை.

ஒரு வேண்டுகோள். 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோனது போக, உங்கள் வீட்டில் மூத்தவாப்பாவின் தீட்டுக்கல் எங்காவது கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடக்கலாம். தேய்த்துக் கழுவாமல், இரண்டு பக்கமும் படம் எடுத்து உள்பெட்டிக்கு அனுப்புங்கள். என்ன நிறம், நடுவில் எவ்வளவு குழிந்திருக்கிறது, யார் கையில் இருந்தது என்றும் எழுதுங்கள். பெயர் வெளியே வர விரும்பாதவர்களின் பெயரைப் போடமாட்டேன்.