ஜெனிவாவின் எளிய மெட்டுகள்

திருச்சபைப் பாடலின் மெட்டு எளிமையாயிருக்க வேண்டுவது ஏன்? சீர்திருத்தக் கால ஜெனிவாவின் வரலாறு இதற்கு விடை பகர்கிறது.

1537-ல் கல்வினும் உடன் ஊழியரும் நகர மன்றத்தாருக்கு அளித்த விதிகளில், சிறுவர் முதலில் கற்றுத் தெளிவாய்ப் பாட, சபையார் செவிமடுத்துப் படிப்படியாய் உடன்பாட வேண்டும் எனக் கூறப்பட்டது. ஆகவே, சிறுவர் கற்கக்கூடியதே சபையின் மெட்டாயிற்று. பெரும்பாலும் ஓர் அசைக்கு ஒரே சுரம். நெடிலும் குறிலும்போல் இரண்டே கால அளவுகள். ஆலயத்தில் அனைவரும் ஒரே குரலாய்ப் பாடினர். 1562-ல் 150 சங்கீதங்களும் நிறைவுற்றன. 1565-ல் கூடிமெல் அவற்றை நான்கு குரல்களுக்கு அமைத்தபோது, அது ஆலயத்துக்கன்று, இல்லங்களுக்கே என முன்னுரையில் குறித்தார்.

1551-ல் லூயி பூர்ஷ்வா என்னும் இசை வல்லுநர், மக்கள் பாடிப் பழகிய மெட்டுகள் சிலவற்றை அனுமதியின்றித் திருத்தியதற்காகச் சிறையிலிடப்பட்டார். கல்வின் தலையிட்டு விடுவித்தார். அத்தண்டனையை நாம் நியாயப்படுத்த வேண்டுவதில்லை. ஆயினும் ஓர் உண்மை அதில் விளங்குகிறது: எளிய மெட்டு மக்கள் நாவில் தங்கிவிட்டபின், இயற்றியவருக்கு மட்டும் உரியதன்று, அது சபையாரின் உடைமை.

அதே ஆண்டுப் பதிப்பில், பூர்ஷ்வா அமைத்ததாகக் கருதப்படும் 134-ஆம் சங்கீத மெட்டு வெளிவந்தது. பின்னர் இங்கிலாந்தில் 100-ஆம் சங்கீதத்துக்கு வழங்கிய அம்மெட்டு, நம் தமிழ்த் திருச்சபைகளிலும் இன்றுவரை ஒலிக்கிறது. நான்கே அடிகளாதலின் எழுத்தறியாதவரும் அதைப் பாடுகின்றனர்.

ஆராதனை நடத்துவோர் புதிய மெட்டொன்றைத் தெரிந்துகொள்ளும்போது, பாடகர் குழு அதைப் பாடுமா என்பதோடு நில்லாமல், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி பாடுவாரா என்றும் கேட்பார்களாக.