பிடித்த பிரபலத்துக்கு அஞ்சலி: ஒருநாள் கூத்தாக முடியாமல் நடத்துவது எப்படி? முழு விவரம்

மக்கள் மனதில் இடம்பிடித்த ஒருவர் மறைந்தால் முதல் நாள் கண்ணீர், மறுநாள் போஸ்டர், முதலாமாண்டு பேனர்... பெரும்பாலும் அதோட முடிஞ்சிடுது. ஆனா சிலரோட பேரில் தொடங்கின வேலை மட்டும் வருஷக்கணக்கில் நடக்குது. என்ன வித்தியாசம்? ரசிகர் மன்றமோ, ஊர் இளைஞர்களோ அஞ்சலி இயக்கம் தொடங்கினா எதையெல்லாம் கவனிக்கணும்? பார்க்கலாம்.

எதைச் செய்யச் சொல்லணும்?

அவர் வாழும்போது எதைச் செய்தாரோ, அதையே. நடிகர் விவேக், அப்துல் கலாமின் வேண்டுகோளை ஏற்று 'கிரீன் கலாம்' மூலம் ஒரு கோடி மரக்கன்றுகள் நடும் இலக்கோடு இறங்கினார். 2021 ஏப்ரல் 17-ல் அவர் மறைந்தபோது அந்த எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. மீதி வேலை என்னன்னு ரசிகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கல. பல ஊர்களில் மரக்கன்று நட்டே அஞ்சலி செலுத்தினாங்க.

அதே ஆண்டு அக்டோபர் 29-ல் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தார். அவரது தந்தை ராஜ்குமாரின் கண்கள் 2006-ல் தானம் செய்யப்பட்டன. புனித்தின் கண்களும் தானம் செய்யப்பட்டு, 4 பேருக்குப் பார்வை கிடைத்தது. அதன்பிறகு கர்நாடகாவில் கண்தானத்துக்குப் பதிவு செய்ய ரசிகர்கள் குவிந்தார்கள்.

ரெண்டுலயும் மக்களிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு காரியம்தான். ரத்ததானம், அன்னதானம், மரம், நோட்டுப் புத்தகம்னு எல்லாத்தையும் ஒண்ணா போட்டால் எதுவும் மனசில் நிக்காது.

நட்டாச்சு, பதிவு பண்ணியாச்சு... போதுமா?

போதாது. பல இயக்கங்கள் சறுக்குவது இங்கேதான்.

மரக்கன்று: நட 100 பேர் வருவாங்க. தண்ணி ஊத்த யார் வருவா? முதல் 2, 3 வருஷம் தண்ணீரும், ஆடு மாடு கடிக்காமல் கூண்டும் வேணும். தேதியும் முக்கியம். விவேக்கின் நினைவு நாள் வருவது சித்திரை வெயிலில். அவரது பிறந்தநாள் நவம்பர் 19, வடகிழக்குப் பருவமழைக் காலம். அதனால நவம்பரில் நடுங்க. ஏப்ரலில், நட்டதில் எத்தனை உயிரோட இருக்குன்னு எண்ணிப் பார்த்து, அதுக்குத் தண்ணி ஊத்துங்க. அதுவும் அஞ்சலிதான்.

கண்தானம்: கார்டு வாங்கிட்டால் தானம் நடந்துவிடாது. ஒருவர் இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுக்க வேண்டும். அதற்குக் கண் வங்கிக்குப் போன் செய்வதும், சம்மதம் சொல்வதும் குடும்பத்தினர்தான். அவங்களுக்கு விஷயமே தெரியலைன்னா பதிவு வீண். அதனால முகாமுக்கு ஆட்களைத் தனியா கூப்பிடாம, வீட்டில் ஒருவரையும் சேர்த்துக் கூப்பிடுங்க. கண் வங்கி நம்பரை வீட்டில் எல்லோர் போனிலும் அங்கேயே சேமிக்க வையுங்க. போன் செய்த பிறகு இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்கணும், ஃபேனை நிறுத்தணும், தலையைத் தலையணையால் சற்று உயர்த்தணும் என்பதையும் சொல்லிக்கொடுங்க. கண்ணாடி போட்டவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்களும் கண்தானம் செய்யலாம்.

போட்டோ, குரலைப் பயன்படுத்தலாமா?

குடும்பத்திடம் கேட்டுட்டுத்தான். 2024-ல் 'லால் சலாம்' படப் பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்கள் ஏஐ மூலம் பயன்படுத்தப்பட்டன. குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, அதற்கான தொகையும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரகுமான் தெரிவித்தார். அதே ஆண்டு, எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதி இல்லாமல் ஏஐ-யில் உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவரது குடும்பம் நோட்டீஸ் அனுப்பியது. அன்பில் செய்தாலும் அனுமதி வேணும். அவர் சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுத்துற வாசகங்களை போஸ்டரில் போடாதீங்க. அவரே பேசிய வீடியோ கிடைச்சா மட்டும் பயன்படுத்துங்க.

பணம் வசூலிக்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். பணத்துக்குப் பதில் கன்று, கூண்டு, நேரம்னு கேளுங்க. பணம் வாங்கியே ஆகணும்னா தனிநபர் ஜிபே நம்பரில் வாங்காதீங்க. பதிவு செய்த அமைப்பின் கணக்கு, ரசீது, எல்லோரும் பார்க்கும்படி வரவு செலவு, இந்த மூணும் கட்டாயம். பிரபலத்தின் பேரில் போலி க்யூஆர் கோடு சுத்தலாம் என்பதால், உங்க கணக்கு எதுன்னு முதலிலேயே தெளிவா அறிவிச்சிடுங்க.

எப்போது தொடங்கலாம்?

முதல் சில நாட்கள் குடும்பத்துக்கானவை. அப்போ கூட்டத்தைக் கூட்டாமல் ஆட்களையும் வேலையையும் பிரிச்சு வையுங்க. அடுத்து வரும் பிறந்தநாளில் சின்னதா தொடங்கலாம்.

தொடங்கும் முன் 5 கேள்விகள்

1. இது அவர் உண்மையில் அக்கறைப்பட்ட விஷயமா?
2. ஒரு சாதாரண ஆள் அரைநாளில் செய்து முடிக்க முடியுமா?
3. குடும்பத்தின் சம்மதம் இருக்கா?
4. அடுத்த வருஷம் இதைப் பார்த்துக்க யார் பொறுப்பு?
5. எதை எண்ணப் போறோம்? லைக்குகளையா, பிழைத்த மரங்களையா?

நாலாவது கேள்விக்கு ஒரு ஆளோட பேர் பதிலா கிடைச்ச பிறகு போஸ்டருக்கு ஆர்டர் கொடுங்க.