நாட்செஸ்: ஒரு பருத்தி நகரின் வணிகமும் ஓர் அரபுக் கடிதமும்

வட அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்றான மிஸிஸிப்பியில், அதே பெயர் கொண்ட ஆற்றின் கரைமேட்டில் அமைந்த சிறு நகரம் நாட்செஸ். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு வாழ்ந்தோர் சில ஆயிரவரே. எனினும், அந்நாளைய வணிகத்தின் இயல்பை அறிய விழைவோர்க்கு இந்நகர் நல்லதொரு சான்றாகும். இஸ்லாமிய வரலாற்றோடும் அதற்குத் தொடர்புண்டு என்பதை நம்மில் பலர் அறியார்.

1798இல் ஸ்பானியர் விலக, நாட்செஸ் அமெரிக்க ஆட்சியின்கீழ் வந்தது. ஓஹையோப் பள்ளத்தாக்கின் உழவரும் வணிகரும் மாவு, உப்பிட்ட இறைச்சி முதலியவற்றைத் தட்டைப் படகுகளில் ஏற்றி, ஆற்றோட்டத்தோடு வந்திறங்கினர். எதிரோட்டத்தில் அப்படகுகளைச் செலுத்துவது அரிது. ஆதலின் சரக்கோடு படகின் பலகைகளையும் விற்றுவிட்டு, நாஷ்வில் வரை ஏறத்தாழ 700 கிலோமீட்டர் காட்டுவழியே நடந்து திரும்பினர். 1811-12இல் முதல் நீராவிக் கப்பல் இவ்வாற்றில் இறங்கியபின் இந்நிலை படிப்படியாக மாறிற்று.

பருத்தியே நகரின் உயிர்நாடி. 1793இல் எலி விட்னி அமைத்த, பஞ்சினின்று விதையைப் பிரிக்கும் பொறி அப்பயிரைப் பெருக்கியது. வணிகர் தோட்ட முதலாளிகளுக்கு வேண்டிய பொருள்களைக் கடனாகக் கொடுத்து, அறுவடையின்போது விளைச்சலிலிருந்து ஈடு செய்துகொண்டனர். நிலத்தைப் போன்றே அடிமைகளும் கடனுக்கு அடைமானமாயினர். மனிதர் கணக்கேட்டின் ஒரு வரியாகிவிட்டனர்.

1808இல் அடிமைகளை வெளிநாட்டிலிருந்து இறக்குவது சட்டப்படி தடுக்கப்பட்டது. உள்நாட்டு விற்பனையோ பெருகியது. 1828இல் தொடங்கிய பிராங்க்ளின் - ஆர்ம்ஃபீல்டு நிறுவனம், வர்ஜீனியாப் பகுதியில் வாங்கியோரை நாட்செஸில் விற்றது. 1833இல் காலராவால் மாண்ட அடிமைகளின் சடலங்கள் மறைவாகப் புதைக்கப்பட்டமை வெளிப்பட, நகராட்சி அவ்வணிகரை எல்லைக்கு வெளியே அனுப்பியது. அஞ்சியது நோய்க்கே. எல்லைக்கு வெளியே முச்சந்தியில் அச்சந்தை 1863 வரை நடந்தது.

இப்பின்னணியில்தான் அப்துர் ரஹ்மானின் வரலாற்றை நாம் நோக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா ஜல்லோன் ஆட்சியாளர் இப்ராஹீம் சோரியின் மைந்தரான அவர், போரில் சிறைப்பட்டு, 1788இல் நாட்செஸில் தாமஸ் ஃபாஸ்டருக்கு விற்கப்பட்டார். 1807இல் அண்டையிலுள்ள வாஷிங்டன் என்னும் ஊரின் சந்தையில் விளைபொருள் விற்றுக்கொண்டிருந்த அவரை மருத்துவர் ஜான் காக்ஸ் அடையாளம் கண்டார். முன்னர் ஆப்பிரிக்காவில் வழிதவறி நோயுற்ற காக்ஸுக்கு அடைக்கலம் தந்தது அப்துர் ரஹ்மானின் குடும்பமே. நன்றி மறவாத காக்ஸ் விலைகொடுத்து மீட்க முயன்றும் ஃபாஸ்டர் இசையவில்லை.

1826இல் அப்துர் ரஹ்மான் அரபியில் எழுதிய கடிதம், உள்ளூர்ப் பத்திரிகையாளர் மார்ஷாக் வழியே அரசுக்கும், அங்கிருந்து மொராக்கோவிற்கும் சென்றது. அதன் பயனாக 1828இல் அவர் விடுதலை பெற்றார். மனைவி இசபெல்லாவை மீட்க 200 டாலர் வேண்டியிருந்தது. அதை நகர மக்களே திரட்டினர். பிள்ளைகளோ அடிமைகளாகவே நின்றனர். 1829இல் லைபீரியாவை அடைந்த அவர், தாயகமான திம்போவைக் காணாமலேயே அவ்வாண்டு காலமானார்.

நாற்பதாண்டுகள் அவரை உடைமையாக வைத்திருந்த நகரம், அவருடைய கல்வியை விலைக்கு வாங்க இயலவில்லை. இளமையில் திம்போவிலும் திம்புக்டுவிலும் கற்ற அரபி எழுத்தே முதுமையில் அவருக்கு வழி திறந்தது. வணிகர் வரலாற்றை எழுதுவோர் விற்றவரையும் வாங்கியவரையும் குறிப்பர். விற்கப்பட்டவரின் எழுத்தையும் உடன்வைத்துப் படித்தாலன்றி அவ்வரலாறு நிறைவுறாது என்பதே நம் கருத்து.