பிரசவகால நறுமணச் சிகிச்சை

பிரசவ வலி, பயம், குமட்டல் ஆகியவற்றைத் தணிக்கத் தாவர வாசனை எண்ணெய்களை முகரச் செய்தோ, பாதாம் எண்ணெய் போன்றவற்றில் சில துளிகள் கலந்து இடுப்பிலும் முதுகிலும் நீவிவிட்டோ பயன்படுத்தும் முறை. மருத்துவக் கவனிப்புக்கு இது துணை மட்டுமே.

இதைப் பற்றிய மிகப் பெரிய பதிவுகளில் ஒன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் உருவானது. ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் 1990 முதல் 1998 வரை 8,058 தாய்மார்களின் அனுபவத்தை மருத்துவச்சி எதெல் பர்ன்ஸ் குழுவினர் தொகுத்தனர். பதற்றத்துக்கு லாவெண்டர், ரோஜா, பரங்கிச் சாம்பிராணி எண்ணெய்களும், கர்ப்பப்பைச் சுருக்கத்தைத் தூண்டக் கிளாரி சேஜ் எண்ணெயும் தரப்பட்டன. பாதிக்கும் மேற்பட்டோர் பலன் கிடைத்ததாகக் கூறினர். 14 சதவீதத்தினர் இல்லை என்றனர். பக்கவிளைவு கண்டவர்கள் 1 சதவீதம், அவையும் லேசானவை. அந்த ஆண்டுகளில் அங்கே பெத்திடின் என்னும் வலிநிவாரணியின் பயன்பாடு 6 சதவீதத்திலிருந்து 0.2 சதவீதமாகக் குறைந்தது. வியக்கத்தக்க சரிவுதான். ஆனால் தாய்மார்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து நடத்திய ஆய்வு அல்ல என்பதால், எண்ணெயே காரணம் என்று அறுதியிட முடியாது.

மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2011இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 535 பெண்கள் பங்கேற்ற 2 சோதனைகளை ஆராய்ந்து, வலியின் அளவில் வேறுபாடு காணவில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014 வழிகாட்டுதலில், பிரசவத்தின் தொடக்கக் கட்ட வலிக்கு நறுமணச் சிகிச்சையைப் பரிந்துரைக்க வேண்டாம், தாயே விரும்பினால் மதிக்க வேண்டும் என்றது. தாயின் விருப்பத்தை முன்னிறுத்தும் இந்த நிலைப்பாடே நேர்மையானது.

எண்ணெயைக் கலக்காமல் தோலில் தடவக் கூடாது. ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. பிரசவத்தின்போது பிடித்த வாசனையும் திடீரென்று குமட்டலாம். அதனால் அறை முழுக்கப் பரப்புவதைவிட, உடனே அகற்றக்கூடிய பஞ்சில் ஒரு துளி விட்டுத் தருவது நல்லது.