வீட்டுப்பாடம்: திண்ணைப் பள்ளி முதல் நீதிமன்றம் வரை

பள்ளி நேரம் முடிந்தபின் வீட்டில் செய்து வருமாறு ஆசிரியர் மாணவருக்குக் கொடுக்கும் வேலை வீட்டுப்பாடம் எனப்படும். கணக்குப் போடுதல், விடை எழுதுதல், செய்யுளை மனப்பாடம் செய்தல், படம் வரைதல் ஆகியவை இதில் அடங்கும். தவறு செய்த மாணவனை ஒரே விடையை இருபது முறை எழுதிவரச் சொல்லும் இம்பொசிஷனையும் பலர் வீட்டுப்பாடம் என்றே எண்ணுகின்றனர். அது தண்டனை, பாடமன்று.

வீட்டுப்பாடம் தேவையா என்ற கேள்வி புதியதன்று. நூறாண்டுக்கும் மேலாகப் பல நாடுகளில் எழுந்து, அடங்கி, மீண்டும் எழுந்த கேள்வி இது. ஒவ்வொரு முறையும் எத்தனை மணி நேரம் என்பது பேசப்பட்டிருக்கிறது. எந்த வீட்டில் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

கண்டுபிடித்தவர் யார்?

இணையத்தில் தேடினால் இத்தாலியைச் சேர்ந்த ரொபெர்ட்டோ நெவிலிஸ் என்ற ஆசிரியர்தாம் வீட்டுப்பாடத்தைக் கண்டுபிடித்தார் என்ற செய்தி கிடைக்கும். சில பக்கங்கள் 1905 என்கின்றன, சில 1095 என்கின்றன. மாணவர் பலர் இதைத் தம் கட்டுரைகளிலும் எழுதிவிடுகின்றனர். இப்படி ஒருவர் இருந்ததற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 1901ஆம் ஆண்டிலேயே 15 வயதுக்குக் குறைந்த மாணவருக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாதெனச் சட்டம் இயற்றியது. 1905இல் கண்டுபிடித்ததை 1901இல் எப்படித் தடை செய்வது? இந்த ஒரு கேள்வியே அக்கதையை முடித்துவிடுகிறது.

திண்ணைப் பள்ளியில்

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதினர். பின்னர் ஓலையில் எழுத்தாணியால் எழுதினர். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், எண்சுவடி, நிகண்டு எல்லாம் மனப்பாடம். விடியற்காலையிலேயே பள்ளிக்கு வந்து முறை சொல்ல வேண்டும். உணவுக்கு வீட்டுக்குப் போய் வந்தால் பொழுது சாயும் வரை பள்ளிதான். எனவே வீட்டில் உட்கார்ந்து எழுத நேரமும் இல்லை, அதற்கான தாளும் இல்லை.

ஆனாலும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்று இருந்தது. 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், 'என் சரித்திரம்' நூலில் தம் இளமைக்காலப் பள்ளியைப் பற்றிச் சொல்லும்போது இதைக் குறிப்பிடுகிறார். மாலையில் பிள்ளைகளை அனுப்பும்போது ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவை, விலங்கு, ஊர் ஆகியவற்றுள் ஒன்றன் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறவாமல் வந்து சொல்ல வேண்டும். நினைவாற்றலை வளர்க்கவே இந்தப் பயிற்சி. ஏடும் விளக்கும் வேண்டாம், படித்த பெற்றோரும் வேண்டாம். மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போதும் செய்யக்கூடிய வீட்டுப்பாடம் இது. திண்ணைப் பள்ளியின் பிரம்படியையும் கோதண்டத்தையும் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு வழக்கத்தையாவது காத்திருக்கலாம்.

தேர்வும் நோட்டுப் புத்தகமும்

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதில் சேர மெட்ரிகுலேஷன் தேர்வு வந்தது. அரசு வேலைக்கு அத்தேர்வு வாசலானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் பள்ளிகளுக்கான மானியத்தையும் தேர்வு முடிவுகளைக் கொண்டு கணக்கிடும் முறை இருந்தது. பிள்ளை தேறினால் பள்ளிக்குப் பணம் என்று ஆனபின், பாடத்தை மீண்டும் மீண்டும் பழக்க வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு வந்தது. பள்ளி நேரமோ மணியடித்து மணியடித்து முடிந்தது. பாடப்பகுதி முடியாவிட்டால் மிச்சம் வீட்டுக்குத்தானே போகும்? சிலேட்டும், தாள் மலிந்தபின் நோட்டுப் புத்தகமும் அதற்கு வழி செய்தன. நினைவில் எடுத்துச் சென்றது இவ்வாறு பையில் எடுத்துச் செல்வதாக மாறியது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழின் ஆசிரியர் எட்வர்ட் போக், வீட்டுப்பாடம் குழந்தைகளின் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று கடுமையாக எழுதினார். கலிஃபோர்னியாச் சட்டம் அந்தச் சூழலில் வந்ததே. 1917இல் அது நீக்கப்பட்டது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், தம் பிள்ளைகள் அறிவியலில் பின்தங்கிவிட்டார்கள் என்ற அச்சம் அமெரிக்காவில் எழுந்தது. வீட்டுப்பாடம் மீண்டும் கூடியது. பிரான்சு 1956இல் தொடக்கப்பள்ளிகளில் எழுத்து வடிவ வீட்டுப்பாடத்தைத் தடை செய்தது. சீனா 2021இல் முதலிரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வேலை கூடாதென்றது.

இந்தியாவில் புத்தகப் பை

இந்தியாவில் இவ்விவாதம் புத்தகப் பையிலிருந்து தொடங்கியது. மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டிருந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், 1989இல் அவையில் பேசியபோது பிள்ளைகள் முதுகு வளையச் சுமக்கும் பையைப் பற்றியே பேசினார். பெரிய அரசியல் எதையும் தொடாத பேச்சு அது; ஆயினும் பலரை யோசிக்க வைத்தது. 1992இல் இயற்பியல் அறிஞர் யஷ்பால் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 'சுமையின்றிக் கற்றல்' என்ற அதன் அறிக்கை 1993இல் வெளிவந்தது. பையின் எடையைவிட, படிப்பது புரியாமல் இருப்பதே பெரிய சுமை என்பது அக்குழு கண்ட உண்மை. தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடம் வேண்டாம். வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பார்த்து அறியும் வேலை மட்டும் இருக்கலாம் என்று அது பரிந்துரைத்தது.

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இதற்கு அளவு வகுத்தது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து தொடக்கநிலை முடிய வாரத்துக்கு 2 மணி நேரம், நடுநிலை வகுப்புகளில் நாளுக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரம். அளவு தாளில் இருந்தது. பள்ளிகளில், குறிப்பாகப் பல தனியார் பள்ளிகளில், ஆறு வயதுப் பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்கும் நான்கு கோடு நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தனர்.

நீதிமன்றத்தில்

இந்நிலையில் சென்னை உயர்நீதிமன்றத்தில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பாடநூல்கள் பற்றிய வழக்கு ஒன்று வந்தது. 2018 மே மாத இறுதியில் நீதிபதி என். கிருபாகரன் அளித்த உத்தரவு, முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்றது. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதில் வலியுறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. முதலிரண்டு வகுப்புகளுக்கு ஒன்றரைக் கிலோ, பத்தாம் வகுப்புக்கு 5 கிலோ என்று பையின் எடையும் வரையறுக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் புத்தகப் பைக் கொள்கை 2005இல் சொன்ன நேர அளவுகளை மீண்டும் உறுதி செய்தது. சின்னஞ்சிறு பிள்ளைகள் மாலையில் என்ன விளையாடினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று வகுப்பில் வந்து பேசட்டும் என்றும் அது கூறுகிறது.

அளவு சொல்வது எளிது. ஆறாம் வகுப்பில் ஐந்து பாடங்கள். நாளுக்கு 1 மணி நேரம் என்றால் ஒரு பாடத்துக்கு 12 நிமிடம். ஒவ்வோர் ஆசிரியரும் 20 நிமிட வேலை கொடுத்தாலே மொத்தம் 1 மணி 40 நிமிடம் ஆகிவிடும். கணக்கு ஆசிரியர் கொடுத்தது அறிவியல் ஆசிரியருக்குத் தெரியாது. திருத்தும் பக்கமும் இப்படியே. நான்கு பிரிவுகளில் 40 பேர் வீதம் 160 நோட்டுகள். ஒன்றுக்கு 2 நிமிடம் என்றாலும் 5 மணி நேரத்துக்கு மேல். ஆகவே பல நோட்டுகளில் சிவப்பு மையில் ஒரு சரி அடையாளமும் கையெழுத்தும் மட்டுமே இருக்கும். பிழை பிழையாகவே நிற்கும். திருத்தப்படாத வீட்டுப்பாடத்தைக் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

எந்த வீடு?

வீட்டுப்பாடத்தால் பயன் உண்டா என்பதை அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஹாரிஸ் கூப்பர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். 2006இல் வெளிவந்த அவர்தம் தொகுப்பின்படி, வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு உயர்வகுப்புகளில் வலுவாகவும் தொடக்க வகுப்புகளில் மிக மெலிதாகவும் இருந்தது. பதினைந்து வயது மாணவன் தானே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பழகுவதற்கும், ஆறு வயதுக் குழந்தை அழுதுகொண்டே எழுதுவதற்கும் வேறுபாடு உண்டு என்பதை எந்தத் தாயும் சொல்வார்.

ஆனால் ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறுபாடு உண்டு. ஒரு வீட்டில் மேசை, தனி அறை, கேட்டால் சொல்லிக்கொடுக்கும் அப்பா. இன்னொரு வீட்டில் ஒரே அறை. தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அந்தப் பெண் பிள்ளையின் வேலை. பெற்றோர் பள்ளிப் படியேறாதவர்கள். ஆங்கிலவழிப் பள்ளி என்றால் தமிழ் படிக்கத் தெரிந்த பெற்றோரும் கைபிசைந்து நிற்பார்கள். பணம் கட்டி டியூஷனுக்கு அனுப்ப முடிந்தவர்கள் அனுப்புவார்கள். மறுநாள் காலையில் இருவருடைய நோட்டும் ஒரே மேசையில் அடுக்கப்படும். எழுதாமல் வந்தவள் வகுப்புக்கு வெளியே நிற்பாள். தண்டனை பெறுவது அவளா, அவளுடைய வீடா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது இது எல்லாருக்கும் வெளிச்சமாயிற்று. அப்போது படிப்பு முழுவதுமே வீட்டுப்பாடம். போன் உள்ள வீடு, இல்லாத வீடு என்று பிள்ளைகள் பிரிந்தனர். அந்த இழப்பை ஈடு செய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அவர்கள் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே, மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் தன்னார்வலர்கள் கற்பித்தனர். தெருக்களிலும் வீட்டு வாசல்களிலும் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தனர். கேட்டால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பல வீடுகளுக்கு, கொஞ்ச காலமாவது, அந்த ஆள் கிடைத்தார்.